ஊழிக்குப் பிந்தைய ஃபேன்டஸி கதை எழுதுவது எப்படி: மாற்றுத்திறனாளி நாயகி, அலையாத்திக் காடு, ஓர் ஊர்

உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு வழக்கமாக இரண்டு இடங்கள்தான் கிடைக்கின்றன. முதல் அத்தியாயத்திலேயே இறந்துபோவார்கள். மற்றவர்கள் கொஞ்சம் அழுதுவிட்டு நடையைக் கட்டுவார்கள். தப்பிப் பிழைத்தால், கடைசி அத்தியாயத்தில் ஏதோ ஒரு மந்திரம் அவர்களைக் குணப்படுத்திவிடும், அல்லது இழந்த புலனுக்கு ஈடாக யாருக்கும் இல்லாத சக்தி ஒன்று முளைத்திருக்கும். முதல் வகையை "யதார்த்தம்" என்று சொல்லி எழுதுகிறார்கள். அந்த யதார்த்தத்தை மண்ணுக்கடியில் கிடைத்த எலும்புகளே மறுக்கின்றன.

இராக்கின் ஷானிதார் குகையில் 1957-ல் ஒரு நியாண்டர்தால் (அழிந்துபோன பழைய மனித இனம்) ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. வலது கை சூம்பியிருந்தது. முகத்தின் இடப்பக்கம் அடிபட்டு, அந்தக் கண்ணில் பார்வை இருந்திருக்காது. காதுத் துளையில் எலும்பு வளர்ந்திருந்ததால் கேட்கும் திறனும் குறைந்திருக்கும். இத்தனைக்கும் பிறகு அவர் 40 வயதைத் தாண்டி வாழ்ந்தார். அந்தக் காலத்துக்கு அது முதுமை. வியட்நாமின் மான் பாக் என்ற இடத்தில், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஓர் இளைஞரின் எலும்புகள் இன்னும் அதிகம் சொல்கின்றன. பதின்வயதில் உடல் செயலிழந்து, அதன் பிறகும் சுமார் பத்து ஆண்டுகள் உயிரோடு இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரி கிடையாது, மருந்துக்கடை கிடையாது. யாரோ நாள்தோறும் ஊட்டி, கழுவி, புரட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கதைக்கு விதை இங்கேதான் இருக்கிறது. ஒருவரோடு சேர்ந்து வாழ்வதென்று ஒரு கூட்டம் முடிவெடுக்கிறது, அந்த முடிவை நாள்தோறும் உழைத்துக் காப்பாற்றுகிறது. இந்த வழிகாட்டி முழுக்க ஒரே எடுத்துக்காட்டுக் கதையை வளர்த்துக்கொண்டே போகிறேன். கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில், நாகரிகம் சரிந்து அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து வாழும் செவந்தி என்ற பெண்ணின் கதை. நீங்கள் உங்கள் ஊரை வைத்து எழுதுங்கள். படிகளின் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். உடல் முதலில், உலகம் பிறகு.

படி 1: உடலை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலானவர்கள் உலகத்தைக் கட்டி முடித்துவிட்டு, பிறகு அதில் ஒரு சக்கர நாற்காலியை வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் அந்த நாற்காலி கதை முழுக்க ஒரு மேடைப் பொருளாகவே இருக்கும். முதலில் உடலைத் தீர்மானித்தால், உலகத்தின் ஒவ்வொரு படிக்கட்டும் வரப்பும் சேறும் தானாகவே அர்த்தம் பெறும்.

எந்த உடல்? "கால் ஊனம்" என்பது போதாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் உள்ளன. அந்தப் பட்டியலை ஒருமுறை படித்தாலே, கதைகளில் நாம் எத்தனை குறைவான உடல்களைப் பார்த்திருக்கிறோம் என்று புரியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வைத்துக்கொள்ளுங்கள். எப்போது வந்தது? எந்தத் தசை, எந்த நரம்பு, எந்தப் புலன்? வலி உண்டா, எந்த நேரத்தில்? காலையில் எழுந்ததும் முதல் அரை மணி நேரம் எப்படிப் போகும்? மழை நாளில் என்ன மாறும்? இருபது ஆண்டுகள் கழித்து இந்த உடல் எப்படி இருக்கும்?

செவந்திக்கு மூன்று வயதில் போலியோ வந்தது. வலது காலில் தொடைத் தசை வலுவிழந்துவிட்டது. போலியோ இயக்க நரம்புகளைத் தாக்கும், தொடு உணர்வைத் தொடாது. ஆகவே அவள் காலில் நண்டு கடித்தால் வலிக்கும், சேற்றின் குளிர்ச்சி தெரியும். "மரத்துப்போன கால்" என்று எழுதினால் அங்கேயே கதை பொய்யாகிவிடும். தொடைத் தசை முழங்காலைத் தாங்காததால், அடி வைக்கும்போது வலது கையைத் தொடையில் ஊன்றி, முழங்காலைப் பின்னுக்குத் தள்ளி நடப்பாள். நம் ஊர்த் தெருக்களில் இந்த நடையைப் பார்த்து வளராதவர்கள் குறைவு. இப்போது யோசியுங்கள். நடக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு கை வேலையில் இருக்கிறது. குடத்தை எந்தப் பக்கம் வைப்பாள்? குழந்தையை எப்படித் தூக்குவாள்? ஓடி வந்து யாரையாவது கட்டிப்பிடிப்பது எப்படி இருக்கும்? ஒரு தசையைப் பற்றிய சரியான தகவல் இருபது காட்சிகளைத் தந்துவிடுகிறது.

முதுமையை மறந்துவிடாதீர்கள். போலியோ வந்து 15 முதல் 40 ஆண்டுகள் கழித்து, பலருக்குப் புதிதாகத் தசைச் சோர்வும் பலவீனமும் தொடங்கும். காலின் வேலையைக் காலமெல்லாம் செய்த தோள்களும் தேய்ந்துபோகும். செவந்திக்கு இப்போது 36 வயது. கதை நடக்கும் ஆண்டில் அவள் தோள் வலிக்கத் தொடங்குகிறது. கதையின் முதுகெலும்பே இந்தத் தோள்வலிதான் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

படி 2: எது நின்றுபோனது என்று கணக்கெடுங்கள்

ஊழி எப்படி வந்தது என்பதற்கு ஒரு பக்கம் போதும். போர், நோய், கடல் என்று எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். வாசகர் நம்புவதும் நம்பாததும் அதன் பின்விளைவுகளைப் பொறுத்தது. எது எந்த வரிசையில் நின்றது என்பதை உங்கள் பாத்திரத்தின் உடலிலிருந்து கேளுங்கள்.

மின்சாரம் நின்றால் மோட்டார் போட்ட ஆழ்துளைக் கிணறுகள் பயனற்றுப்போகும். பழைய திறந்த கிணறுகளுக்கு உயிர் வரும். காது கேட்கும் கருவியின் துத்தநாக பேட்டரி, ஒட்டியிருக்கும் தாளை உரித்த கணத்திலிருந்து தீரத் தொடங்கும். சில நாள் அல்லது சில வாரம்தான். தண்டுவடம் அடிபட்டவருக்கு முதல் எதிரி கொள்ளைக்காரன் அல்ல, படுக்கைப்புண். புரட்டிப் படுக்க வைக்க ஆளும், சுத்தமான தண்ணீரும் இருந்தால் வாழலாம். சர்க்கரை நோயில் இன்சுலின் இல்லாமல் உயிர் தரிக்காதவர்களுக்கு நாள்கள் எண்ணப்படும். ஆனால் அங்கும் "முடிந்தது கதை" என்று அவசரப்பட வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஷாங்காயில் இன்சுலின் கிடைக்காமல் போனபோது, ஈவா சாக்ஸல் என்ற நீரிழிவு நோயாளியும் அவர் கணவரும் ஒரு மருத்துவப் பாடநூலைப் பார்த்து, எருமைக் கணையத்திலிருந்து இன்சுலின் தயாரித்தார்கள். தங்களைப் போன்ற மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். இப்படி ஒரு செயலை உங்கள் கதையில் எழுதினால், தேடிப்போன வீரன் புதையல் எடுத்துவரும் காட்சியைவிடப் பல மடங்கு வலுவாக இருக்கும்.

செவந்தியின் கதைக்கு நின்றுபோன முக்கியமான பொருள் சொட்டு மருந்து. இந்தியாவில் கடைசியாகக் காட்டு வகை (இயற்கையாகப் பரவும்) போலியோ பதிவானது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட தன் தென்கிழக்கு ஆசியப் பகுதியைப் போலியோ இல்லாததாக அறிவித்தது. ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் அந்த வைரஸ் ஒழியவில்லை. சொட்டு மருந்து நின்று, மக்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்து, அசுத்தமான தண்ணீரைக் குடிக்கும் உலகத்தில் அது திரும்பி வருவதற்கு எந்த மந்திரமும் தேவையில்லை. தொற்றியவர்களில் சுமார் 200 பேருக்கு ஒருவர்தான் நிரந்தரமாக முடங்குவார் என்பதால், ஊருக்குள் அது சத்தமில்லாமல் பரவியிருக்கும். "அவள் குடும்பத்துக்குச் சாபம்" என்று ஊர் பேச இந்த ஒரு தகவலே போதும். ஏனென்றால் எல்லோருக்கும் வந்த நோய் அவள் ஒருத்தியின் காலில்தான் தெரிகிறது.

அழிந்த இடம் எப்படி இருக்கும் என்பதற்கு வெளிநாட்டுப் படங்களைப் பார்க்காதீர்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் அழிந்த தனுஷ்கோடியைப் பாருங்கள். வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்ட பிறகும் அங்கே மீனவர்கள் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே மணலைக் கையால் தோண்டி நல்ல தண்ணீர் எடுத்தார்கள். இடிந்த தேவாலயச் சுவருக்கு முன்னால் சங்கும் சிப்பியும் விற்றார்கள். ஊழிக்குப் பிறகான நம் கடற்கரை இப்படித்தான் இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

படி 3: நிலத்துக்கு அதன் விதிகளைக் கொடுங்கள்

இந்தப் படிக்கு அதிக நாள் ஒதுக்குங்கள். "மனிதன் போனதும் இயற்கை பசுமையாகத் திரும்பியது" என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொள்ளும் கதைகள் ஏராளம். இயற்கை ஒரே மாதிரியாகத் திரும்பாது. இராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலம்தான் முதலில் நிலத்தைப் பிடிக்கும். கோபுரத்து இடுக்குகளில் அரசும் ஆலும் வேர்விட்டுக் கல்லைப் பிளக்கும். மடை பார்க்க ஆளில்லாத ஏரிகள் ஒரு பெருமழையில் கரை உடைத்துக்கொள்ளும்.

பிச்சாவரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், இரண்டு ஆறுகளின் கழிமுகத்தில் இருக்கிறது. அங்கே இரண்டு மரங்களை நன்றாகத் தெரிந்துகொண்டால் காட்சிகள் தானாக வரும். சுரபுன்னை தாங்குவேர்களைப் பந்தல்கால் மாதிரி ஊன்றி வாய்க்கால் ஓரத்தில் நிற்கும். அதன் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட காய் போலத் தொங்கி, பிறகு சேற்றில் விழும். வெண்கண்டல் கொஞ்சம் உள்ளே தள்ளி வளரும். இலையில் உப்பைக் கசியவிடும், மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேலே நூற்றுக்கணக்கில் குத்திட்டு நிறுத்தும். ஊன்றுகோலோடு ஒருவர் அந்த மூச்சுவேர்களுக்கு நடுவில் நடப்பதைக் கற்பனை செய்யுங்கள். கோலின் நுனி சேற்றில் இறங்கும், இழுத்தால் வராது, வேரில் பட்டு வழுக்கும். இரண்டு கால் நன்றாக இருப்பவரே அங்கே தடுமாறுவார். தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் கதை வேறு. அங்கே உடலின் எடை குறைந்துவிடும்.

பிச்சாவரத்து இருளர்கள் ஆழமில்லாத தண்ணீரில் தவழ்ந்தபடி, கைகளால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். நடக்கத் தேவையில்லாத ஒரு தொழில் அந்த நிலத்திலேயே இருக்கிறது. நாம் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கரையில் மெதுவாக நடக்கும் செவந்தி, தண்ணீரில் மற்ற எல்லோரையும் போலத்தான் நகர்கிறாள். நிலம் மாறினால் அதே உடலின் பொருளும் மாறுவதை வாசகர் ஒரு பிரசங்கமும் இல்லாமல் பார்த்துவிடுவார். (இருளர்களின் அறிவைக் கதைக்கு எடுத்துக்கொண்டால் இருளர்களையும் கதைக்குள் கொண்டுவாருங்கள். பெயரும் குரலும் முடிவெடுக்கும் உரிமையும் உள்ள பாத்திரங்களாக.)

தில்லை மரமும் அங்கே உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த அந்த மரத்தின் பால் கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வை போகும். ஊரின் சிறந்த தோணிக்காரன் விறகு வெட்டப் போய், சில நாள் கண் தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான் என்று ஓர் அத்தியாயம் எழுதலாம். அந்த நாள்களில் அவன் எதைக் கற்றுக்கொள்கிறான் என்று எழுத ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். அவனுக்குச் சோறு யார் போட்டார்கள், அவன் வலையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எழுதினால் போதும்.

இந்தக் காட்டைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி இனிமேல்தான் வருகிறது. பிரிட்டிஷார் காலத்தில் தொடங்கி, பிச்சாவரத்தில் பட்டை பட்டையாக மரங்களை ஒட்ட வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மண் அமுங்கிப் பள்ளமானது. உள்ளே வந்த அலைநீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறியது. மரம் மீண்டும் முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து அங்கே வாய்க்கால்கள் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகப் பிரியும் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் வடிவம். அலை உள்ளே வந்து வெளியே போகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது, நட்ட கன்றுகள் பிழைத்தன. ஆனால் வாய்க்கால்களில் வண்டல் படியும். அவ்வப்போது தூர்வார வேண்டும். 2004 சுனாமியின்போது அலையாத்திக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் குறைவாகச் சேதமடைந்தன என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். காடு மக்களைக் காத்தது, காட்டின் ஒரு பகுதியை மக்கள் காத்தார்கள்.

இப்போது கதைக்கு வாருங்கள். அறுபது ஆண்டுகளாகத் தூர்வாரப்படும் அந்த மீன்முள் வாய்க்கால்கள் காட்டுக்கு உயிர்நாடி; செவந்திக்கு அவைதான் தெரு. தோணியில் அவள் ஊரின் எந்தக் குடிசைக்கும் போய்வருவாள். ஒரு வாய்க்கால் தூர்ந்தால் அங்கே மரம் வாடும், அவளும் அந்தப் பக்கம் போக முடியாது. மரத்துக்கும் அவளுக்கும் ஒரே பாதை. மனிதர்களின் ஊனமும் இயற்கையும் தனித்தனித் தலைப்புகளாக ஒட்டிக்கொண்டு நிற்காமல், ஒரே வாய்க்காலில் ஓடத் தொடங்குவது இங்கேதான். உங்கள் நிலத்திலும் இப்படி ஒரு பொருள் இருக்கும்: மலையென்றால் ஒற்றையடிப் பாதை, வயலென்றால் மதகு, பாலையென்றால் ஊற்று. அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பருவங்களைத் தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளமும் நல்ல தண்ணீரும். மார்கழி, தையில் வலசைப் பறவைகள். சித்திரை, வைகாசியில் உப்பு ஏறும், முகத்துவாரம் மணல் மேடிட்டுக் குறுகும். இந்தக் கடற்கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு, ஆகவே ஒரு சாண் உயரம்கூட முக்கியம். 1934-ல் கட்டிய மேட்டூர் அணை உங்கள் கதைக் காலத்தில் உடைந்திருந்தால், காவிரியின் வண்டல் மறுபடி கழிமுகத்துக்கு வரும். காட்டுக்கு அது உணவு, வாய்க்காலுக்கு அது அடைப்பு. தூர்வாரும் வேலை ஆண்டுக்கு ஆண்டு கூடும். அந்த நெருக்கடியை விடாதீர்கள்.

படி 4: ஃபேன்டஸிக்கு ஒரே ஒரு விதி

ஒன்று போதும். இரண்டு, மூன்று என்று சேர்த்தால் நிலத்தின் விதிகள் மங்கிவிடும்.

செவந்தியின் உலகத்தில் அந்த விதி இது: அமாவாசை இரவுகளில் சுரபுன்னை மரங்கள் வேரைப் பிடுங்கி ஓர் அடி நகர்ந்து ஊன்றிக்கொள்ளும். ஆகவே பாதைகள் மாறிக்கொண்டே இருக்கும். எவரும் காட்டை முழுதாக மனப்பாடம் செய்ய முடியாது. எல்லோருமே மாதம் ஒருமுறை புதிதாக வழி கேட்டுப் பழக வேண்டும்.

உங்கள் விதியை மூன்று கேள்விகளால் சோதியுங்கள். அது நாயகியைக் குணப்படுத்துகிறதா? அவளுக்கு மட்டும் ஈட்டுத்தொகை போல ஒரு சக்தி தருகிறதா? அவள் ஊனத்தை ஏதோ பாவத்துக்குத் தண்டனையாகவோ, அழிந்த உலகத்துக்கு உருவகமாகவோ மாற்றுகிறதா? மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்று வந்தாலும் விதியை மாற்றுங்கள். மந்திரத்தை இடத்துக்குக் கொடுங்கள், அது எல்லோரையும் தொடட்டும். மரம் நகர்ந்தால் நன்றாக நடப்பவனும் தடம் மாறுவான்.

படி 5: ஊரைக் கட்டுங்கள்

"ஏற்றுக்கொள்ளப்படுதல்" என்ற உணர்ச்சியை எழுதப் பார்க்காதீர்கள், அது கையில் பிடிபடாது. ஓர் ஊரில் ஒருவர் சேர்த்தியா இல்லையா என்பதைக் காட்டும் நடைமுறைகளை எழுதுங்கள். நம் கிராமங்களில் அவை வெளிப்படையானவை. பந்தியில் எந்த வரிசை? திருவிழாவில் யார் வீட்டு வாசலில் சாமி நிற்கும்? சாவு விழுந்தால் யாருக்குச் சொல்லி அனுப்புவார்கள்? கோயிலுக்குத் தலைக்கட்டு வரி யாரிடம் கேட்பார்கள்?

கடைசிக் கேள்விதான் செவந்தியின் கதைக்கு அச்சாணி. கடலோர ஊர்களில் வரி பெரும்பாலும் மணமான ஆண்களின் பெயரில்தான் போடப்படும். வரி கட்டுபவருக்குத்தான் ஊர்க் கூட்டத்தில் பேச்சு, பொதுப் பங்கில் உரிமை. தனியாக வாழும் பெண், நடக்க முடியாத மகன் என்று பலர் அந்த ஏட்டில் வரமாட்டார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், இரக்கப்பட்டு விட்டுவிடுவார்கள். ஆகவே கதையின் முதல் பாதியில் செவந்தி விரும்புவது அன்பையோ பாராட்டையோ அல்ல. "எனக்கும் வரி போடுங்கள்" என்பதுதான் அவள் கோரிக்கை.

ஓர் ஊர் தன்னை எவ்வளவு மாற்றிக்கொள்ளும் என்று சந்தேகம் வந்தால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் உள்ள மார்த்தாஸ் வின்யார்ட் தீவை நினைத்துக்கொள்ளுங்கள். பரம்பரையாக வந்த காது கேளாமையால் 19-ஆம் நூற்றாண்டில் அங்கே 155 பேருக்கு ஒருவர் காது கேளாதவராக இருந்தார். விளைவு, கேட்பவர்களும் சைகை மொழி பழகிக்கொண்டார்கள். படகிலிருந்து படகுக்குத் தூரத்தில் பேசவும் அதையே பயன்படுத்தினார்கள். பரம்பரைக் காது கேளாமையோடு அந்தத் தீவில் பிறந்த கடைசி நபர் 1952-ல் இறந்தார். பாலித் தீவின் பெங்கலா கிராமத்திலும் கேட்பவர்கள் பலர் சைகை பேசுகிறார்கள். யாருக்கும் அது தொண்டு இல்லை. பக்கத்து வீட்டாரோடு பேச வேண்டியிருந்தது, கற்றுக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தலைமை தாங்கவும் நிர்வாகம் செய்யவும் நடக்க வேண்டியதில்லை என்பதற்கு அந்த வளாகமே சாட்சி. உங்கள் கதையின் ஊர்த்தலைவர் ஏன் ஒரு மாற்றுத்திறனாளியாக இருக்கக்கூடாது? நாயகி ஒருத்தி மட்டுமே ஊனமுள்ளவளாக இருக்கும் ஊர் நம்பும்படி இருக்காது. மருந்து இல்லாத உலகத்தில் கண்புரை வந்த கிழவர்கள், விரல் போன மீனவர்கள், பேசாத குழந்தைகள் என்று நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்குள் சண்டையும் பொறாமையும் இருக்கட்டும்.

படி 6: கருவிகள்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால் 1968 வாக்கில் உருவானது, கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து. ரப்பர், மரம் என உள்ளூரில் கிடைத்ததை வைத்துச் செய்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு சம்மணம் போடலாம், வெறுங்காலோடு வயலில் இறங்கலாம், மரம் ஏறலாம். பிறகு பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயைச் சூடாக்கி அச்சின் மேல் இழுத்துக் காலின் மேற்பகுதியைச் செய்யவும் தொடங்கினார்கள். அழிந்த நகரத்தில் குழாய்க்குப் பஞ்சமிருக்காது. செவந்தியின் காலுக்கு இரும்புக் காலிபர் (காலைத் தாங்கும் சட்டம்) ஆகாது, உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கும். பழைய குழாயை வளைத்து, சைக்கிள் டியூபால் கட்டிய பட்டைதான். அது உடையும்; யார் ரிப்பேர் செய்வார்கள், பதிலுக்கு என்ன கொடுப்பாள் என்பதை எழுதுங்கள்.

படி 7: கதைப்பின்னல்

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நாயகி ஏதோ ஒரு திறமையால் ஊரைக் காப்பாற்றுகிறாள், அதனால் ஊர் அவளைச் சேர்த்துக்கொள்கிறது. எழுத உட்கார்ந்தால் கை தானாக இந்த வழியில்தான் போகும். இது வாசகரிடம் சொல்லும் செய்தி கொடூரமானது: பயன்பட்டால் உனக்கு இடம், இல்லையென்றால் இல்லை. அவள் திறமைசாலியாக இருக்கலாம், இருக்கட்டும். செவந்தி இறால் தடவுவதில் கெட்டிக்காரி. ஆனால் கதையின் நடுவில் அந்தத் திறமையை அவளிடமிருந்து எடுத்துவிடுங்கள். அப்போதும் ஊர் அவளை வைத்துக்கொள்கிறதா என்பதுதான் இரண்டாம் பாதி.

ஆகவே பின்னல் இப்படி அமைகிறது. ஐப்பசியில் வரி கேட்டுப் போராடி ஏட்டில் பெயர் வாங்குகிறாள். அடுத்த ஐப்பசியில் பெருவெள்ளம் வண்டலைக் கொட்டுகிறது, வாய்க்கால்கள் தூர்கின்றன. தைக்குள் அவள் தோள் ஓய்ந்துவிடுகிறது, துடுப்புப் போட முடியவில்லை. ஊருக்குள் இரண்டு கட்சி: எல்லா வாய்க்கால்களையும் தூர்வார ஆளில்லை, செவந்தியின் குடிசைக்குப் போகும் கிளையைக் கைவிடலாம் என்று ஒரு கட்சி. அந்தக் கிளையைக் கைவிட்டால் அந்தப் பக்கத்துக் காடு உப்பேறிச் சாகும் என்று இன்னொரு கட்சி. இதில் யாரையும் கெட்டவராக்க வேண்டாம். ஆள் குறைவு என்பது உண்மை.

இனி, இறுதிக்கு முந்தைய காட்சியை இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன். முதலில் கை தானாக எழுதுவது:

ஊரே திரண்டு நின்றது. தலைவர் கண்கலங்கச் சொன்னார்: "செவந்தி, உன் கால்தான் ஊனம், எங்கள் மனசு ஊனமாக இருந்தது. இனி நீயும் எங்களில் ஒருத்தி." எல்லோரும் கைதட்டினார்கள்.

இதில் அவள் வாயே திறக்கவில்லை. ஊர் திருந்துவதற்கு அவள் ஒரு சாக்காக மட்டும் நிற்கிறாள். இப்போது இன்னொன்று (நாட்டார் என்பவர் ஊர்த்தலைவர்):

நாட்டார் ஏட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.
"செவந்தி. ஆறு படி இறால் பாக்கி."
"தோள் தூக்க முடியல மாமா. ரெண்டு மாசமாத் தண்ணியில எறங்கல."
"தெரியும்மா. அதுக்குன்னு பாக்கி இல்லன்னு ஆயிடுமா? சித்திரைக்குள்ள குடு. எறாலு இல்லன்னா கூட முடைஞ்சு குடு."
"கூடையா? உங்க வீட்டு ஆயா எட்டுக் கூட எங்கிட்ட வாங்கிட்டு இன்னும் காசு தரல. அதக் கழிச்சுக்குங்க."
யாரோ சிரித்தார்கள். நாட்டார் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

இரண்டாவதில் யாரும் அழவில்லை. அவளிடம் கேட்கிறார்கள், காலம் தருகிறார்கள், அவளும் திருப்பிக் கேட்கிறாள். கடன் கொடுப்பதும் வாங்குவதுமாக அவள் பெயர் ஏட்டில் இருக்கிறது. கூடையும் முடைய முடியாத நாள் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியும் வாசகர் மனதில் எழும், எழ வேண்டும். அதற்கு அடுத்த அத்தியாயத்தில் ஒரு பதில் வையுங்கள். படுத்த படுக்கையாகி, எந்த வேலையும் செய்யாத ஒரு முதியவரை ஊர் முறைவைத்துப் பார்த்துக்கொள்வதை, அவர் பெயரும் ஏட்டில் அப்படியே இருப்பதைக் காட்டுங்கள். மான் பாக் இளைஞரை மறந்துவிட வேண்டாம்.

படி 8: வரைவைச் சோதித்தல்

முதல் வரைவு முடிந்ததும், உங்கள் பாத்திரத்துக்கு உள்ள அதே நிலை உள்ள இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள். படிப்பதற்கு நேரம் ஆகும், அந்த நேரத்துக்குப் பணம் கொடுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். எந்த இடத்தில் உடல் பொய்யாகத் தெரிந்தது, எந்த வசனத்தில் எரிச்சல் வந்தது, அவள் எங்கே இன்னும் கோபப்பட்டிருக்க வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நீங்களே ஒரு தேடல் செய்யுங்கள். "பாவம்", "இருந்தாலும்", "தன்னம்பிக்கை", "தடைகளைத் தாண்டி" ஆகிய சொற்கள் கதைசொல்லியின் குரலில் எங்கெல்லாம் வருகின்றன? பாத்திரங்கள் சொல்லலாம், ஊர் அப்படித்தான் பேசும். "நொண்டி" என்று கூப்பிடுபவர்களும் இருப்பார்கள், அதை மறைக்க வேண்டாம். கதைசொல்லி மட்டும் அந்தப் பக்கம் சாயக்கூடாது. நிலத்தையும் சோதியுங்கள்: எந்த மாதத்தில் எந்தப் பறவை, தண்ணீர் உப்பா நல்லதா, அன்று ஏற்றமா இறக்கமா. அமாவாசைக் காட்சியில் நிலவொளி வந்திருந்தால் உடனே திருத்துங்கள்.

வெளியிடும்போது பக்கங்களைப் படமாக ஸ்கேன் செய்து போடாதீர்கள். திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் பார்வையற்ற வாசகருக்கு அது வெற்றுப் பக்கம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் மென்பொருள் அதை வெறும் ஆங்கில எழுத்துகளாக உளறும். அத்தியாயத் தலைப்புகளைத் தடித்த எழுத்தில் விடாமல், தலைப்பாகவே குறியுங்கள். அப்போதுதான் ஓர் அத்தியாயத்திலிருந்து அடுத்ததற்கு விசைப்பலகையில் தாவிப்போக முடியும். அட்டைப்படத்துக்கும் வரைபடத்துக்கும் இரண்டு வரி விளக்கம் சேருங்கள். செவந்தியின் வாய்க்கால்கள் எந்தப் பக்கம் பிரிகின்றன என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.